காந்தமானிப் பிரிவு: 2024ஆம் ஆண்டின் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நூலகமும் வானோக்கு இரவுகளும் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான வகுப்புகளும் வழக்கம்போல் நடந்தன. இந்த அறிக்கையின் பெரும்பகுதியை மண்டபத்துக்குப் பின்னால், செம்பனை நிரையின் ஓரத்தில் புதைத்திருக்கும் காந்தமானிக்கே, அதாவது பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் கருவிக்கே, ஒதுக்கியிருக்கிறேன். இன்று வாக்கெடுப்புக்கு வரும் வாகனக் கொட்டகைத் தீர்மானம் அந்தக் கருவியை நேரடியாகப் பாதிக்கும். அடுத்த ஆண்டு பராமரிப்பை ஏற்கவிருக்கும் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கும் விவரம் எழுத்தில் இருக்க வேண்டும்.

நம் ஊரான சுங்கை சிப்புட்டில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய 42,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). அது கிட்டத்தட்ட முழுக்கக் கிடையாகவே ஓடுகிறது. புலம் முற்றிலும் கிடையாக இருக்கும் காந்த நடுக்கோடு நமக்கு வடக்கே தென் தாய்லாந்து வழியாகச் செல்வதால், இங்கே புலம் தரையிலிருந்து ஆறேழு பாகை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. நாம் அளக்க விரும்புவது இந்தப் பெரிய எண்ணை அல்ல, அதன் மேல் தினமும் ஏறி இறங்கும் சில பத்து நானோடெஸ்லாவைத்தான். பகலில் சூரியன், வளிமண்டலத்தின் உயரே உள்ள மின்னேறிய அடுக்கான அயனமண்டலத்தைச் சூடாக்கி மின்னோட்டம் கிளப்புகிறது. அதனால் வடக்கு அச்சின் அளவு உயர்ந்து நண்பகலை ஒட்டி உச்சம் தொடுகிறது. மலேசிய நேரம் 1982 முதல் கிரீன்விச் நேரத்துக்கு எட்டு மணி முன்னதாக இருப்பதால் நம் ஊரின் உண்மையான நண்பகல் கடிகாரத்தில் சுமார் 1:15 மணி. எனவே உச்சத்தைப் பன்னிரண்டே காலுக்கும் ஒன்றே காலுக்கும் இடையில் தேடுங்கள்.

உணரி ஆர்எம்3100 வகை. வடக்கு, கிழக்கு, செங்குத்து என மூன்று அச்சுகளிலும் அளக்கும். சுழற்சி எண்ணிக்கை (ஒரு முறை அளக்க உணரி எண்ணும் சுழற்சிகள்) 200 என்ற அமைப்பில், பிரித்தறியும் மிகச் சிறிய படி 13 நானோடெஸ்லா, இரைச்சல் 15 அளவு. இது போதாதே என்று பலரும் கேட்கிறார்கள். நொடிக்கு ஒன்று வீதம் எடுத்து அறுபதைச் சராசரி கண்டால் இரைச்சல் இரண்டு நானோடெஸ்லா அளவுக்கு இறங்கிவிடும். நம் வேலைக்கு அது தாராளம். சுழற்சி எண்ணிக்கையை 400க்கு மேல் ஏற்றுவதில் பயனில்லை. மின்னழுத்தம் 3.3 வோல்ட் மட்டுமே. ஐந்து வோல்ட் கம்பியைத் தவறிச் செருகினால் உணரி போய்விடும். அதனால்தான் அந்த முனையில் சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறது. அதை யாரும் பிரிக்க வேண்டாம்.

உணரி நல்லதாக இருப்பது பாதி வேலைகூட இல்லை. எங்கே, எப்படிப் புதைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான்கு அங்குல பிவிசி குழாய், நீளம் 1.2 மீட்டர். அடியில் மூடி பசையிட்டு அடைக்கப்பட்டது. உணரியும் எம்சிபி9808 வெப்ப உணரியும் அக்ரிலிக் பட்டையில் நைலான் திருகால் பொருத்தப்பட்டு, தரைக்கு ஒரு மீட்டர் கீழே நிற்கின்றன. ஆழம் ஏன் என்றால், பகலின் வெப்பம் மண்ணில் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் இறங்குவதற்குள்ளேயே மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஒரு மீட்டரில் பகலும் இரவும் ஒன்றுதான். அதே உணரியைத் தகரக் கூரையின் கீழ் வைத்தால், வெப்ப அலை காந்தப்புலத்தின் தினசரி ஏற்ற இறக்கம் போலவே வரையும், பார்ப்பவர் ஏமாந்துவிடுவார். உச்சம் மூன்று மணியைத் தாண்டி வந்தால் முதலில் வெப்பத்தைச் சந்தேகியுங்கள்.

குழாயைச் சுற்றி ஆற்று மணல் கொட்டி, தண்ணீர் விட்டு இடித்தோம். மணல் அமரும்வரை முதல் சில வாரங்களின் பதிவு மெல்ல நகரும். அதை நம்ப வேண்டாம். வடக்கு-தெற்காக ஒரு பாகை சாய்ந்தாலே செங்குத்து அச்சில் 700 நானோடெஸ்லாவுக்கு மேல் மாற்றம் வரும், ஆனால் வடக்கு அச்சில் எண்பது அளவுதான். நம் ஊரில் புலம் கிடையாக இருப்பதன் விளைவு இது. கனமழைக்குப் பிறகு செங்குத்து அச்சு மட்டும் தனியே ஓடினால் குழாய் அசைந்திருக்கிறது என்று பொருள்.

திசை பொருத்துவது எளிது. கிழக்கு அச்சு பூச்சியத்துக்கு அருகே வரும்வரை குழாயை மெல்லத் திருப்பி, விளிம்பில் சாயக் கோடு போட வேண்டும். திருப்புபவர் கைக்கடிகாரம், கைப்பேசி, பெல்ட், சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் தள்ளி நின்றபின்தான் எண்ணைப் படிக்க வேண்டும். கைப்பேசியின் ஒலிபெருக்கிக்குள்ளேயே காந்தம் இருக்கிறது. பிறகு கிழக்கு அச்சில் 12 நானோடெஸ்லா நகர்ந்தால், திசைகாட்டி முள் ஒரு கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) திரும்பியதாகக் கொள்ளலாம்.

துருப்பிடிக்காத எஃகு என்று கடையில் தரும் திருகை அப்படியே நம்பக் கூடாது. உணரி ஓடிக்கொண்டிருக்கும்போது பத்து சென்டிமீட்டரில் அந்தத் திருகைப் பிடித்துச் சுழற்றுங்கள். எண் ஆடினால் அது வேண்டாம், பித்தளைக்குப் போங்கள். நிக்கல் பூசிய இணைப்பான்களும் அப்படித்தான். குழாயின் காற்றுத் துளை வழியே எறும்பு புகுந்து கூடு கட்டியபோது, இரும்பு நாரை அடைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். துளை அடைபடும்தான், ஆனால் உணரிக்குப் பக்கத்தில் இரும்பு. பித்தளை வலை வைத்து, சிலிக்கா ஜெல் பையையும் மாற்றினோம்.

குழியிலிருந்து மண்டபத்துக்கு 30 மீட்டர் கேட்5இ கம்பி. உணரி கணினியோடு பேசும் ஐ2சி இணைப்பு இவ்வளவு தூரம் நேராக ஓடாது. இரு முனையிலும் நீண்ட கம்பிக்கு ஏற்றபடி குறிகையை மாற்றித் தரும் பிசிஏ9615 சில்லு போட்டு, வேகத்தை 100 கிலோஹெர்ட்சில் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் எண் உறைந்து நிற்கும் அல்லது பூச்சியமாக வரும். மாலை இடிக்கு இரு முனையிலும் மிகையழுத்தக் காப்பு டையோடுகள் உண்டு. நேரடி மின்னலுக்கு அவை போதா. மாற்று உணரி ஒன்று அலமாரியில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நிரல் எழுதும் பிள்ளைகளுக்கு ஒன்று. உணரி தருவது 24 பிட் குறியுடைய எண். குறியைக் கவனிக்காமல் படித்தால் எதிர்மறை எண் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்தைத் தாண்டிக் காட்டும். இங்கே புலம் மேல்நோக்கிச் சாய்வதால் செங்குத்து அச்சு எதிர்மறைதான். முதலில் அங்கேதான் இந்தப் பிழை தெரியும். 1,67,77,216ஐக் கழித்தால் சரியாகிவிடும்.

சூரியத் தகடு வைத்து மின்கலத்தில் ஓட்டலாமே என்ற யோசனையைச் செயலவை நிராகரித்ததற்குக் காரணம் உண்டு. ஒற்றைக் கம்பியில் ஓர் ஆம்பியர் ஓடினால் ஒரு மீட்டர் தள்ளி 200 நானோடெஸ்லா. அந்த மின்னோட்டம் வெயிலோடு ஏறி வெயிலோடு இறங்கும், நாம் அளக்க விரும்பும் அதே வடிவத்தில். வைத்தே ஆக வேண்டுமென்றால் முறுக்கிய இணைக் கம்பியும் இருபது மீட்டர் இடைவெளியும் வேண்டும்.

சரிபார்ப்புக்கு மரவளையத்தில் சுற்றிய ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள் இணை, அதாவது நடுவில் கணக்கிட்டறிந்த புலத்தைத் தரும் இரட்டைச் சுருள், செய்துள்ளோம். ஆரம் 15 சென்டிமீட்டர், இடைவெளியும் அதே 15, ஒவ்வொன்றிலும் 20 சுற்று. ஒரு மில்லியாம்பியர் விட்டால் நடுவில் 120 நானோடெஸ்லா. திசையை மாற்றினால் எண் 240 நகர வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை உணரியை வெளியே எடுத்துச் செய்தால் போதும். அடிக்கடி எடுத்தால் பதிவின் தொடர்ச்சி அறுந்துவிடும்.

இவ்வாண்டின் பெரிய நிகழ்வு மே மாதக் காந்தப் புயல், அதாவது சூரியனிலிருந்து வரும் வீச்சால் பூமியின் காந்தப்புலம் குலைவது. 2003 அக்டோபருக்குப் பின் முதன்முறையாக, உச்ச நிலையான ஜி5 அறிவிக்கப்பட்டது. மே 11 அதிகாலை 1:05 அளவில் வடக்கு அச்சு திடீரென மேலே குதித்து, பின்னர் மணிக்கணக்கில் சரிந்தது. அந்தப் புயலில் காந்தப் புயலின் வலிமையைக் காட்டும் உலகளாவிய டிஎஸ்டி குறியீடு -400 நானோடெஸ்லாவுக்கும் கீழே போனது. அக்டோபர் 10 இரவு தொடங்கிய புயலும் பதிவில் இருக்கிறது. இரண்டின் வரைபடங்களும் அறிவிப்புப் பலகையில் உள்ளன. அக்கம்பக்கத்துப் பள்ளிகள் கேட்டால் நகல் தருவோம்.

அதே வரைபடங்களில் ஒரு நிமிடமும் நீடிக்காத கூரிய முட்களைப் பார்ப்பீர்கள். அவை செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரிகளால் வருபவை. முள் என்றால் நீக்கிவிடலாம். ஆனால் கார் அப்படியல்ல: வந்து, மணிக்கணக்கில் நின்று, போகும். வரைபடத்தில் அது ஒரு படிக்கட்டு. இயற்கை மாற்றத்திலிருந்து பிரிப்பது கடினம். ஒரு டன் எடையுள்ள கார் பத்து மீட்டரில் 40 நானோடெஸ்லா அளவு புலத்தைக் கலைக்கும். இந்த விளைவு தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. கொட்டகைக்குக் குறித்திருக்கும் இடம் குழியிலிருந்து 12 மீட்டர். 36 மீட்டருக்கு, அதாவது முன்வாசல் சடக்கோரம் தள்ளினால், பாதிப்பு 27இல் ஒரு பங்காகிவிடும்.

கொட்டகையே வேண்டாம் என்று செயலவை சொல்லவில்லை. மழைக்காலத்தில் பெரியவர்கள் நனைந்து வருவது எல்லோருக்கும் தெரியும். இடத்தை மட்டும் மாற்றுங்கள் என்று கேட்கிறோம். நம்மைப் போல் காந்த நடுக்கோட்டுக்கு அருகே உள்ள பதிவுகள் குறைவு. லங்காவியில், மெக்டாஸ் என்ற பன்னாட்டுக் காந்தமானி வலையமைப்பின் நிலையம் ஒன்று இருக்கிறது. அதோடு ஒப்பிடத்தக்க, இடைவெளியற்ற பதிவு இந்தத் தோட்டப்புறத்திலிருந்து போவது நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் பெருமை.

பொதுக்கூட்டத்தின் முன் வைக்கும் தீர்மானங்கள் மூன்று. கொட்டகை முன்வாசல் பக்கம் கட்டப்படட்டும். குழியைச் சுற்றி 15 மீட்டருக்குள் சைக்கிள், தள்ளுவண்டி, கூட்டங்களுக்கு எடுக்கும் இரும்பு நாற்காலி எதுவும் வைக்காதிருக்க மரக்கம்பு வேலி போடப்படட்டும். 15 மீட்டர் தள்ளி இரண்டாவது உணரி ஒன்று வாங்கப்படட்டும். வானத்திலிருந்து வருவது இரண்டையும் ஒரே அளவில் அசைக்கும், லோரியும் காரும் அருகில் உள்ளதையே அதிகம் அசைக்கும்.

வாராந்தரப் பராமரிப்புப் பட்டியலுக்கு இன்னும் ஆட்கள் தேவை. வேலை இவ்வளவுதான்: கணினிக் கடிகாரம் இணைய நேரத்தோடு ஒத்திருக்கிறதா பார்ப்பது, மின்வெட்டுக்குப் பின் நினைவட்டை பழுதாகவில்லையா சோதிப்பது, பதிவை வெளி வட்டில் நகலெடுப்பது, அருகில் நடந்த புல்வெட்டு, மராமத்து வேலைகளை நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதுவது. விருப்பமுள்ளவர்கள் தேநீர் இடைவேளையில் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்