‘கண்ட கண்ட தளங்கள்’ என்று எழுதியிருந்தீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த கணினிப் பாதுகாப்புக் கட்டுரையைப் படித்தேன். ‘கண்ட கண்ட தளங்களுக்குப் போகிறவர்களின் கணினியில்தான் வைரஸ் இறங்கும், ஒழுங்காக இருப்பவர்களுக்குப் பயமில்லை’ என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

திருமங்கலத்தில் பல வருடமாக பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். ஹால் டிக்கெட் எடுக்க, பட்டா நகல் எடுக்க, பென்ஷன் பேப்பர் அனுப்ப வருகிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று ஒரு பெண் தன் அப்பாவோடு வந்தாள். அவள் திறந்தது ஒரு பத்திரிகைத் தளத்தின் ரிசல்ட் பக்கம். பச்சை நிறத்தில் பெரிது பெரிதாக ‘டவுன்லோட்’ என்று மூன்று பொத்தான்கள், மூன்றுமே விளம்பரம். ரிசல்ட்டுக்கான லிங்க் அடியில் பொடி எழுத்தில் கிடந்தது. பதிவெண் அடிக்கக் கட்டத்தில் கிளிக் செய்தாள், வேறொரு டேப் திறந்து ‘செட்டப்’ என்ற பெயரில் ஒரு எக்ஸ்இ ஃபைல், அதாவது திறந்தாலே புரோகிராமாக ஓடும் ஃபைல், இறங்கிவிட்டது. பக்கத்தில் நின்றதால் உடனே அழித்தேன். தனியாக இருந்திருந்தால் மார்க் ஷீட் என்று நினைத்துத் திறந்திருப்பாள். அந்தப் பிள்ளையிடம் என்ன ஒழுங்கு குறைந்துவிட்டது, ஐயா? அந்தப் பக்கம் எந்தப் பத்திரிகையுடையது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

பெரிய பத்திரிகைகளுக்கே நடந்திருக்கிறது. 2009 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் தளத்தில் புகுந்த ஒரு விளம்பரம், ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று மிரட்டிப் போலி ஆன்டிவைரஸைத் தள்ளியது. 2016 மார்ச்சில் அதே தளத்திலும் பிபிசி, எம்எஸ்என் தளங்களிலும் வந்த விளம்பரங்கள் வாசகர்களை ஆங்ளர் என்ற தாக்குதல் கருவியிடம் கொண்டுபோய் விட்டன. பிரவுசரோடு ஒட்டியிருக்கும் பிளக்-இன் என்ற துணை மென்பொருள்களின் பழைய ஓட்டைகள் வழியாக அது நுழைந்தது, யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையிருக்கவில்லை. இவையெல்லாம் கண்ட கண்ட தளங்களா?

பிரவுசர் செய்கிறவர்களைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. 2004-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு சர்வீஸ் பேக் 2 என்ற பெரிய அப்டேட் வந்தபோதுதான் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் அந்த மஞ்சள் பட்டை வந்தது. கேட்காமல் இறங்க வந்த ஃபைலை மேலேயே நிறுத்திவிடும். எங்கள் கடையில் தொல்லை பாதியாகக் குறைந்தது அதனால்தான். 2008-ல் நிதேஷ் தன்ஜானி என்ற ஆய்வாளர், ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் கேட்காமலேயே ஃபைல்களை டெஸ்க்டாப்பில் கொட்டுகிறது என்று காட்டினார். ஆப்பிள் முதலில் அதைப் பாதுகாப்புப் பிரச்சினையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மைக்ரோசாஃப்ட் எச்சரித்த பிறகு, ஜூன் மாதத்தில்தான் ஆப்பிள், விண்டோஸுக்கான சஃபாரியைத் திருத்தியது. கதவுக்குத் தாழ்ப்பாள் வைக்க வேண்டியவர்களை விட்டுவிட்டு, வீட்டில் இருப்பவர்களையே கண்டிக்கிறீர்கள்.

‘பிரவுசரை அப்டேட் செய்யுங்கள், போதும்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். விண்டோஸ் 7-க்குக் கிடைத்த கடைசி குரோம் 109, வந்தது 2023 ஜனவரியில். எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் இன்னும் அந்தக் கணினிதான் ஓடுகிறது. அவர்கள் எதை அப்டேட் செய்வார்கள்? ‘குரோமை அப்டேட் செய்யவும்’ என்று போலியாக வரும் பக்கத்தை நம்பித்தான் பல பேர் மாட்டுகிறார்கள். அது பற்றி எச்சரிக்கையே இல்லை. முன்பு இதே இணைப்பில் ஒரு ஆன்டிவைரஸை ஆகா ஓகோ என்று புகழ்ந்திருந்தீர்கள். எதிர்ப்பக்கத்திலேயே அதன் முழுப்பக்க விளம்பரம். அப்போது எழுதிய கடிதத்தைத் தாங்கள் வெளியிடவில்லை. வருத்தம்தான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, கேட்பது இதுதான். அடுத்த இணைப்பில் கால் பக்கம் ஒதுக்கி, படத்தோடு போடுங்கள். குரோமில் செட்டிங்ஸ், டவுன்லோட்ஸ் போய், ஒவ்வொரு ஃபைலையும் எங்கே சேமிப்பது என்று முன்கூட்டியே கேட்கும் வசதியை ஆன் செய்தால், எந்த ஃபைலும் சத்தமில்லாமல் வந்து உட்காராது. ஆபத்தான தளங்களைப் பற்றி எச்சரிக்கும் சேஃப் பிரவுசிங் வசதியை அணைத்து வைக்கக் கூடாது. ஆண்ட்ராய்டு போனில், தெரியாத ஆப்களை நிறுவும் அனுமதியை பிரவுசருக்குக் கொடுக்காமல் இருந்தால், ஏபிகே என்ற ஆப் நிறுவும் ஃபைல் இறங்கினாலும் போனில் ஏறாது. கேட்காமல் இறங்கிய ஃபைலைத் திறக்காமல் அழித்துவிட வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

அப்புறம், அடுத்த ரிசல்ட் வருவதற்குள் தங்கள் தளத்தில் அந்தப் பச்சைப் பொத்தான் விளம்பரங்களை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
திருமங்கலம்.