அட்டவணையில் ஒரு மணிநேரம் காலியாக விடுங்கள்

மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் பயணங்களுக்குத் திட்டம் போடுபவர்களுக்கு,

வணக்கம். நான் பொறியாளரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. ராக்கெட் கிளம்புகிறது என்றால் தூக்கத்தை விட்டு நேரலையில் உட்கார்ந்துவிடுகிற ஆள், அவ்வளவுதான். உங்களிடம் கேட்க ஒரே ஒரு விஷயம் இருக்கிறது, கொஞ்சம் சுற்றித்தான் வருவேன்.

1965 மார்ச்சில் சோவியத் விண்வெளி வீரர் அலெக்சி லியோனவ், மனிதர்களிலேயே முதல் ஆளாக, விண்கலத்தை விட்டு வெளியே வந்து மிதந்தார். வெற்றிடத்தில் உடை உப்பிப்போய், திரும்ப உள்ளே நுழைய முடியாமல் திண்டாடி, உடைக்குள் இருந்த காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றித்தான் உயிர் தப்பினார். அப்படிப் பிழைத்து வந்தவர் அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? கலர் பென்சிலை எடுத்து, பூமியின் விளிம்பில் சூரியன் உதிப்பதை வரைந்தார்! விண்வெளியில் வரையப்பட்ட முதல் ஓவியம் அதுதான்.

மனிதர்கள் முதன்முதலாக நிலாவைச் சுற்றிவந்த அப்பல்லோ 8 பயணத்தின் கதை உங்களுக்குத் தெரியாததில்லை. 1968 டிசம்பர் 24 அன்று அதில் இருந்த வீரர் பில் ஆண்டர்ஸ் நிலாவின் தரையைப் படமெடுத்துக்கொண்டிருந்தார், அதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. கலம் மெல்லத் திரும்ப, ஜன்னலில் பூமி நீலமாக எழுந்து வந்தது. "அதை எடுக்காதே, அட்டவணையில் இல்லை" என்று உள்ளே கேலி பேசியதும், உடனே ஆண்டர்ஸ் கலர் ஃபிலிம் கேட்டுப் பரபரத்ததும் ஒலிப்பதிவில் இருக்கின்றன. அட்டவணையில் இல்லாத அந்தப் படத்தைத்தான் உலகம் இன்னும் வைத்திருக்கிறது. அதே பயணத்தில் எடுத்த நிலாத்தரைப் படங்களில் ஒன்றைக்கூட என்னால் நினைவிலிருந்து சொல்ல முடியாது (குறை என்னுடையதுதான்).

நிலவில் நடந்த ஆலன் பீன் 1981இல் நாசாவை விட்டு விலகி முழுநேர ஓவியராகிவிட்டார், தன் விண்வெளி உடையின் சின்னங்களில் ஒட்டியிருந்த நிலாத் தூசியை ஓவியங்களில் கலந்தார். வேலையை எல்லாம் ஒழுங்காக முடித்த மனிதர், மீதி வாழ்நாளை அங்கே பார்த்ததைத் திரும்பத் திரும்ப வரைவதிலேயே கழித்திருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விண்வெளி நிலையத்தில் ஒருவருடைய நாளை ஐந்து நிமிடத் துண்டுகளாக வெட்டி வைத்திருக்கிறீர்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் எவ்வளவு விலை என்று எனக்கும் புரிகிறது. ஜன்னல் என்றாலே கூடுதல் எடை என்று நீங்கள் முகம் சுளிப்பதும் புரிகிறது, அமெரிக்கா முதலில் ஆளை அனுப்பிய மெர்குரி கலத்தில் ஒழுங்கான ஜன்னல் வேண்டும் என்று வீரர்களே பிடிவாதம் பிடிக்க வேண்டியிருந்ததே. ஆனால் ரோபோ கையை இயக்குகிறவர்கள் வெளியே பார்க்க வேண்டும் என்று 2010இல் பொருத்திய, 7 ஜன்னல் கொண்ட குப்போலா என்ற கண்ணாடிக் கூண்டுக்குத்தான் ஓய்வு கிடைத்தவுடன் எல்லாரும் ஓடுகிறார்கள்.

அதனால் கேட்கிறேன்: அடுத்து நிலவுக்கு ஆளை அனுப்பும்போது, ஆளுக்கு ஒரு மணிநேரம் எதையும் எழுதாமல் விடுங்கள். அறிக்கை கேட்காதீர்கள், கேமராவையும் திருப்பாதீர்கள். முடிந்தால் நாலைந்து கலர் பென்சிலும் கொடுத்தனுப்புங்கள். லியோனவ் செய்த மாதிரி நூலில் கட்டிக் கொடுங்கள், இல்லாவிட்டால் மிதந்து எங்கேயாவது போய்விடும்.

இப்படிக்கு,
நேரலை பார்க்கும் ஒருவர்