அந்த ‘அடுத்த நாள்’ 13 ஆண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் வட அயர்லாந்துத் தலைவர் மார்ட்டின் மெக்கின்னஸ் பற்றி வந்த கட்டுரையைக் காலையில் காபியோடு படிக்க உட்கார்ந்தேன். ‘துப்பாக்கியைக் கீழே போட்டார், அடுத்த நாளே துணை முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தார்’ என்ற வரியைப் பார்த்ததும் காபி ஆறிப்போனது. நடை அழகுக்காக எழுதியது என்று நீங்கள் சொல்லலாம். 2003 முதல் 2014 வரை அங்கே, பெல்ஃபாஸ்ட் நகரில் முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்தவள் நான். என்னால் அதை அப்படி விட முடியவில்லை.

மெக்கின்னஸ் இருந்த ஐ.ஆர்.ஏ., வட அயர்லாந்தைப் பிரிட்டனிடமிருந்து பிரித்து அயர்லாந்தோடு சேர்க்க ஆயுதம் ஏந்திய இயக்கம். அது போர்நிறுத்தம் அறிவித்தது 1994 ஆகஸ்ட் 31 அன்று. 1996 பிப்ரவரியில் லண்டனில் குண்டு வைத்து அதை அவர்களே முறித்தார்கள். இரண்டு பேர் செத்தார்கள். 1997 ஜூலையில் மறுபடி போர்நிறுத்தம். 1998இல், இரு தரப்பும் ஆட்சியைப் பகிர்ந்துகொள்ள வழி செய்த புனித வெள்ளி ஒப்பந்தம். 1999இல் மெக்கின்னஸ் கல்வி அமைச்சர் ஆனார், உண்மைதான். ஆனால் அந்த அரசு நின்று நின்று ஓடி 2002இல் படுத்துவிட்டது. ஆயுதங்களைச் செயலிழக்கச் செய்தாகிவிட்டது என்று கண்காணிப்புக் குழு உறுதி சொல்ல 2005 செப்டம்பர் ஆனது. நீங்கள் சொல்லும் நாற்காலியில் அவர் உட்கார்ந்தது 2007 மே 8. ஏறத்தாழ 13 ஆண்டுகள், ஐயா.

அந்த மே 8 அன்று எனக்குப் பகல் டியூட்டி. இல்லத்தின் ஹாலில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. 81 வயது இயன் பெய்ஸ்லியும் மெக்கின்னஸும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்று முதல்வரான பெய்ஸ்லி, பிரிட்டனோடுதான் இருப்போம் என்ற புராட்டஸ்டன்டு தரப்பின் தலைவர்; மெக்கின்னஸ் தரப்போடு பேச்சே கிடையாது என்று காலமெல்லாம் முழங்கியவர். ஹாலில் இருந்த ஒரு அம்மாவின் தம்பி போலீஸ்காரர், ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டில் செத்துப்போனவர். “அதை அணை” என்றார். அணைத்தேன். தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது கோப்பையைக் கையில் வாங்காமலே கேட்டார்: “அந்த இரண்டு பேரும் இன்னும் சிரித்துக்கொண்டா இருக்கிறார்கள்?” எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அப்புறம் அவரே டி.வி.யைப் போடச் சொல்லி, செய்தி முடியும்வரை இமைக்காமல் பார்த்தார். தேநீரைத் தொடவே இல்லை. ‘அடுத்த நாளே’ என்று அவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

நான் அன்று வீட்டுக்குப் போனதும் சுவரைச் சுற்றிக்கொண்டுதான். கத்தோலிக்கர் தெருவுக்கும் புராட்டஸ்டன்டு தெருவுக்கும் நடுவில் நிற்கும் உயரமான சுவர். அதன் இரும்புக் கதவை மாலையில் பூட்டிவிடுவார்கள். டியூட்டி நேரமாகிவிட்டால் ஐந்து நிமிட நடைக்குப் பதில் பஸ் பிடித்துச் சுற்றி வர வேண்டும். நான் ஊர் திரும்பிய 2014இலும் அந்தச் சுவர் அங்கேயே இருந்தது.

‘துணை முதல்வர்’ என்று மொட்டையாக எழுதியதிலும் எனக்கு வருத்தம். நம்மூரில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அங்கே முதல்வருக்கும் துணை முதல்வருக்கும் அதிகாரம் சமம். ஒருவர் விலகினால் மற்றவர் பதவியும் போய்விடும். 2017 ஜனவரியில், உடம்புக்கு முடியாத நிலையில் மெக்கின்னஸ் ராஜினாமா செய்ததும் ஆட்சியே நின்றது அதனால்தான். அந்த மார்ச்சில் அவர் இறந்தபோது, அப்படி முதல்வர் பதவி இழந்த, எதிர்த் தரப்பு ஆர்லீன் ஃபாஸ்டர், மெக்கின்னஸின் ஊரான டெரிக்கு வந்து இறுதிச் சடங்கில் கலந்துகொண்டார். தேவாலயத்தில் கூட்டம் அவருக்குக் கை தட்டியது. இதற்கெல்லாம் உங்கள் கட்டுரையில் இடமில்லை.

மெக்கின்னஸைப் புனிதராக்கச் சொல்லவில்லை. 1973இல் வெடிமருந்துக் காரோடு பிடிபட்டுத் தண்டனை பெற்றவர் அவர். 1974லேயே ஐ.ஆர்.ஏ.வை விட்டுவிட்டதாகச் சொன்னார். எங்கள் இல்லத்தில் ஒருவரும் அதை நம்பவில்லை. 1990இல் டெரியில், ராணுவ முகாமில் சமையல் வேலை பார்த்த ஒருவரின் குடும்பத்தைப் பிணை பிடித்து, அவரை வண்டி இருக்கையோடு கட்டி, வெடிகுண்டோடு சோதனைச் சாவடிக்கு ஓட்டவைத்தது அந்த இயக்கம். அவரோடு ஐந்து ராணுவ வீரர்களும் செத்தார்கள். இதையும் எழுதுங்கள். 1972 ஜனவரி 30 அன்று அதே டெரியில் ஊர்வலம் போனவர்களைப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டதையும் எழுதுங்கள். செத்தவர்கள் அன்று 13 பேர், பிறகு ஒருவர். அது எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாதது என்று ஒரு பிரிட்டிஷ் பிரதமர் நாடாளுமன்றத்தில் ஒத்துக்கொள்ள 2010 வரை ஆனது. எந்த மேல்நிலைப் பள்ளி என்று முடிவு செய்யும் பதினோரு வயதுப் பரீட்சையில் தோற்று, 15 வயதில் பள்ளியை விட்டு, கறிக்கடையில் வேலை பார்த்த பையன் கல்வி அமைச்சராகி அந்தப் பரீட்சையையே நீக்க உத்தரவு போட்டார். அதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாமே?

தமிழ்ப் பத்திரிகை விடக் கூடாத ஒன்றையும் விட்டிருக்கிறீர்கள். 2006இல் மெக்கின்னஸ் கிளிநொச்சிக்குப் போய் விடுதலைப் புலிகளின் அரசியல் பிரிவுத் தலைவர் சு.ப. தமிழ்ச்செல்வனைச் சந்தித்துப் பேசினார். அடுத்த ஆண்டு மே மாதம் மெக்கின்னஸ் பதவியேற்றார். அதே ஆண்டு நவம்பரில் விமானக் குண்டுவீச்சில் தமிழ்ச்செல்வன் கொல்லப்பட்டார். செய்தி கேட்டபோது இரவு டியூட்டியில் இருந்தேன். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போக முடியாமல் தாழ்வாரத்திலேயே நின்றுவிட்டேன்.

போன ஆண்டும், அயர்லாந்து முழுவதும் பிரிட்டனைச் சேர்ந்தது என்று நீங்கள் தவறாகப் போட்டபோது கடிதம் எழுதினேன். பதில் இல்லை. மெக்கின்னஸின் கட்சிப் பெயரை ‘சின் பெயின்’ என்றே எழுதுகிறீர்கள். அங்கே யாரைக் கேட்டாலும் ‘ஷின் ஃபேன்’ என்றுதான் சொல்வார்கள். 32 ஆண்டுகளாக, ஊரில் இல்லாத காலத்தில் என் அக்கா எடுத்துவைத்த இதழ்களையும் சேர்த்து, உங்கள் பத்திரிகையைப் படித்து வருகிறேன். கேட்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

நான் கேட்பது பெரிதல்ல. ‘மெக்கின்னஸ்’ என்று நீங்கள் போட்ட படத்தில் இருப்பவர் அதே கட்சியின் தலைவராக இருந்த ஜெர்ரி ஆடம்ஸ். தாடி வைத்தவர் அவர். வரும் ஞாயிறு அதற்கு ஒரு திருத்தம் போடுங்கள். ‘அடுத்த நாளே’ என்பதையும் சேர்த்துத் திருத்துங்கள். இந்தக் கடிதம் நீளம் என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆண்டுக் கணக்கு உள்ள பத்தியை மட்டும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நர்ஸ்,
நாகர்கோவில்