‘வேண்டாமுங்க’ என்று தடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

நம் ஊர்ப் பெரியவர்களுக்கும், பக்கத்து வீதிக்காரர்களுக்கும், பெயர் கேட்டு வைத்துக்கொள்ளாமலே நான் உதவி பெற்றுக்கொண்ட மற்றவர்களுக்கும் வணக்கம்.

அன்னூருக்கும் அவிநாசிக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊருக்கு நான் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன்பு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 31 ஆண்டுகள் கணக்கு எழுதினேன். செடி என்று அங்கே நான் வளர்த்தது மாடிப்படி ஓரத்தில் ஒரு துளசியும் ஒரு கற்பூரவல்லியும்தான். அப்படிப்பட்டவளின் பொடக்காளியில், அதாவது வீட்டுப் புழக்கடையில், ஒன்றரை சென்ட் செம்மண்ணில், சென்ற புரட்டாசியில் போட்ட காய்கறித் தோட்டத்திலிருந்து இந்தத் தைப்பொங்கலுக்கு அவரைக்காய் பறித்துக் குழம்பு வைத்தோம். யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பழைய பழக்கத்தில் பேரேடு போலப் பெயர்களை எழுதிப் பார்த்தேன். கையில் எதையாவது கொடுத்தவர்கள் சிலர். நான் எதையோ செய்யப் போனபோது ‘வேண்டாமுங்க’ என்று குறுக்கே நின்றவர்கள் பலர். தோட்டம் பிழைத்தது பெரும்பாலும் இரண்டாவது வகையினரால் என்பதால் இந்த மடலை அவர்களிடமிருந்து தொடங்குகிறேன்.

முதல் நன்றி மேற்காலத் தோட்டத்துப் பெரியவர் அப்பாருவுக்கு. மகளின் பிரசவத்துக்காகப் போயிருந்ததால் எனக்கு ஆடிப்பட்டம் தவறிவிட்டது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று எல்லோரும் சொல்லக் கேட்டிருந்த நான், தவறிய நாளைப் பிடித்துவிடும் அவசரத்தில் ஆவணி வெயிலில் விதைப் பொட்டலங்களோடு நின்றபோது, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து, “அவசரம் வேண்டாமுங்க அம்மிணி, ஆடி போனா என்னங்க, புரட்டாசி இருக்குதில்லீங்க” என்றார். நம் பக்கத்தில் மேற்குத்தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துக்கொள்கிறது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வருவது பெரும்பாலும் காற்றும் சாரலுமே. நின்று பெய்யும் மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான் என்பதையும், முள்ளங்கி, கொத்தமல்லி, வெந்தயக்கீரை, சின்ன வெங்காயம் போன்றவற்றுக்கு வெயில் தணிந்த அந்தப் பருவமே ஒத்துவரும் என்பதையும் அவர் விளக்கினார். அதோடு விடாமல், பாத்தி கொத்துவதற்கு முன் ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து கீழே விடச் சொன்னார். உருண்டை விழுந்து உதிர்ந்தால் கொத்தலாம். உடையாமல் கிடந்தால் ஈரம் அதிகம், அந்த நேரத்தில் கொத்தினால் மண் கட்டி கட்டியாக இறுகிவிடும், இரண்டு நாள் சும்மா இருக்க வேண்டும். அந்த ‘சும்மா இரு’வை அவரிடமிருந்து நான் மூன்று முறை கேட்டேன்.

அடுத்து, பிள்ளையார் கோயில் வீதியில் இரண்டு எருமையும் ஒரு கறவை மாடும் வைத்திருக்கும் அக்காவுக்கு நன்றி. அன்றைய சாணியை அப்படியே பாத்தியில் கொட்டினால் சத்து மிகுதி என்று நினைத்து நான் வாளியோடு போய் நின்றேன். பச்சைச் சாணியில் சூடு அதிகம், அதோடு வேர்ப்புழுவும் கறையானும் வரும் என்று மறுத்துவிட்டு, கட்டுத்தரைக்குப் பின்னால் ஓர் ஆண்டாக மக்கிக் கிடந்த குப்பையை, தொட்டால் வாடையே இல்லாமல் காப்பித்தூள் போலிருந்ததை, பன்னிரண்டு சட்டி அளந்து போட்டார். பணம் வாங்கவில்லை. முள்ளங்கி எடுத்துப்போய்க் கொடுத்தபோதுதான், “இதுக்காகவா வேல மெனக்கெட்டீங்க” என்று வாங்கிக்கொண்டார்.

புன்செய்ப் புளியம்பட்டி வியாழக்கிழமைச் சந்தையில் சாக்கு விரித்து நாட்டு விதை விற்கும் பாட்டிக்கு இந்த மடல் போய்ச் சேருமா என்பது தெரியாது. யாராவது படித்துக் காட்டினால் மகிழ்வேன். கொத்தமல்லியை முழு விதையாகப் போடாமல் செருப்புக் காலால் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடச் சொன்னதும், கோட்டு அவரை என்ற பழைய கொடியவரை இனத்தின் விதையைத் தந்துவிட்டு, “மார்கழிப் பனி பாக்காம இது பூக்காது கண்ணு, அதுக்குள்ள புடுங்கிப் போட்டறாத” என்று எச்சரித்ததும் அவர்தான். உண்மையில் நான் பிடுங்கித்தான் இருப்பேன். கார்த்திகை முழுவதும் கொடி பந்தல் தாண்டி முருங்கைமரம் வரை ஏறியதே தவிர ஒரு பூகூட இல்லை. பகற்பொழுது குறுகினால்தான் பழைய அவரை இனங்கள் பூக்கும் என்பதை வேளாண் படிக்கும் மாணவி ஒருத்தி பின்னர் விளக்கியபோது, பாட்டி பனி என்று சொன்னதும் மாணவி பகல் நேரம் என்று சொன்னதும் ஒரே மாதத்தைத்தான் காட்டின என்பது புரிந்தது. ஆனால் கொத்தமல்லி விஷயத்தில் பாட்டியின் பேச்சை நான் முழுதாகக் கேட்கவில்லை. முளைக்க எட்டுப் பத்து நாள் ஆகும் என்று அவர் சொல்லியிருந்தும், ஐந்தாம் நாளே ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தேன். கிளறிய இரண்டு வரிசையில் மட்டும் இன்றுவரை ஒன்றும் இல்லை.

அந்த மாணவியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். கல்லூரியிலிருந்து கிராமத்தில் தங்கிப் பயிற்சி பெற வந்த குழுவில் ஒருத்தி. சாலையில் போனவள், என் நாற்றங்காலைப் பார்த்து நின்றாள். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நானே போய் வாங்கி வந்த பி.கே.எம். 1 தக்காளி விதை. பி.கே.எம். என்பது பெரியகுளத்தையும் ‘கோ’ என்பது கோயம்புத்தூரையும் குறிக்கும் என்று பொட்டலம் பார்த்துத் தெரிந்துகொண்ட பெருமை வேறு. எண்பது நாற்று பச்சைப்பசேல் என்று வந்திருந்தது. ஐப்பசி மழை நான்கு நாள் பிடித்துக்கொண்டபோதும், மழைநீர் இலைக்குத்தானே, வேருக்கு நாம் ஊற்ற வேண்டாமா என்று தினமும் பொழுது சாயும்போது பூவாளி எடுத்தேன். ஐந்தாம் நாள் காலையில் அறுபதுக்கு மேற்பட்ட நாற்றுகள் மண்ணோடு ஒட்டிய இடத்தில் தண்டு நூலாக மெலிந்து சாய்ந்து கிடந்தன. யாரோ மருந்து தெளித்துவிட்டார்கள் என்றுகூட நான் சந்தேகப்பட்டேன். அதற்காக இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இது நாற்றழுகல் என்றாள் அந்தப் பெண். தண்ணீர் தேங்கிய மண்ணில் பெருகும் பித்தியம் போன்ற பூஞ்சைகள் இளந்தண்டைத் தாக்குவதால் வருவது. நெருக்கி விதைத்ததும் மாலையில் நீர் ஊற்றியதும் அதற்குத் துணைபோயின என்று சொல்லி, “நாலு நாள் பூவாளியை யார்கிட்டயாவது குடுத்து வெச்சுருங்கம்மா” என்றாள். அடுத்த முறை பாத்தியை ஒரு சாண் உயர்த்தி இடைவெளி விட்டு விதைக்கவும், கிலோ விதைக்கு 4 கிராம் என்ற அளவில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து விதைக்கவும் சொன்னாள். என் விதையோ ஒரு தேக்கரண்டி. அதற்கு ஒரு சிட்டிகைகூட அதிகம் என்று சிரித்தாள். பூவாளியை நிஜமாகவே எதிர்வீட்டில் கொடுத்து வைத்தேன். மிஞ்சிய நாற்றுகள் தேறின. குறைந்த இடத்துக்கு அப்பாரு தம் நாற்றங்காலிலிருந்து இருபது நாற்றைப் பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றி அனுப்பினார். அந்தத் தக்காளிதான் இப்போது சிவக்கத் தொடங்கியிருக்கிறது.

தொட்டிகளில் கீரைக்காக ஒரு கடையில் வாங்கிய தென்னைநார்க் கழிவைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. கழுவாத சரக்கு, அதிலிருந்த உப்பு இலை ஓரங்களைக் கருக்கிவிட்டது. தண்ணீர்த் தொட்டி கழுவ வந்த தம்பி, அதை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து போடச் சொன்னார். அவருக்கு நன்றி.

மயில்களைப் பற்றிச் சொல்லாமல் நம் பக்கத்துத் தோட்டக் கதை முடியாது. அவை தேசியப் பறவை, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காக்கப்பட்டவை, முருகனின் வாகனம். எனவே அவற்றைத் திட்டக்கூட எனக்குத் தயக்கமாக இருந்தது. ஆனால் விடியற்காலையில் ஐந்தாறு மயில்கள் வரிசையாக நடந்து வந்து முள்ளங்கியின் இளங்கீரையை ஒரே சீராகக் கத்தரித்துவிட்டுப் போனால் மனம் என்னவாகும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். கம்பி வலை வாங்கக் கிளம்பிய என்னை, “காசைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டாமுங்க” என்று நிறுத்திய என் நங்கையாள் (அண்ணி), வீடு வீடாகப் போய்ப் பழைய சேலை கேட்டு வாங்கி வந்தார். பதினொரு சேலைகள். மூங்கில் குச்சி நட்டு, தோட்டத்தைச் சுற்றி அவற்றைக் கட்டியபோது பொடக்காளி கல்யாண வீட்டுப் பந்தல் போலாகிவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாமல் போனதும் மயில்கள் பெரும்பாலும் வேலிக்கு வெளியிலிருந்தே திரும்பிப் போயின. அரையாண்டு விடுமுறையில் முறைவைத்துக் காவல் இருந்த வீதிப் பிள்ளைகள் நால்வருக்கும் என் அன்பு. பள்ளி திறந்தபிறகும் ஆறு மணிக்கே எழுந்து வந்த சின்னவனுக்குக் கூடுதலாக ஒரு பங்கு.

மார்கழியில் அவரைப் பூங்கொத்துகளில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பியபோது மருந்துக் கடைக்குப் போகவிருந்த என்னைத் தடுத்ததும் நங்கையாளே. வேப்பங்கொட்டைப் பருப்பை லிட்டருக்கு 50 கிராம் வீதம் இடித்து இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்து மாலையில் தெளித்தோம். அதற்குள் நான் பொறுக்கி நசுக்கிக்கொண்டிருந்த சிவப்புப் பொறிவண்டுகள் அசுவினியைத் தின்னும் நம் ஆட்கள் என்பது மாணவிக்கு அனுப்பிய படத்தின் வழியாகத் தெரிய வந்தது. நசுக்கியவை ஏழோ எட்டோ. கணக்குப் பிள்ளைக்கு அது மட்டும் சரியாக நினைவில்லை.

சின்ன வெங்காயத்தைத் தாள் மடிந்த பிறகு, பத்து நாள் தண்ணீர் காட்டாமல் விட்டு எடுக்கச் சொன்னதும் அப்பாருதான். அப்படியே செய்தேன், தோல் காய்ந்து நன்றாக வந்தது. கேரட்டுக்கு யாரிடமும் யோசனை கேட்கவில்லை. சுண்ணாம்புக்கல்லைப் பொறுக்கி எடுக்காத மண்ணில் போட்டதால் ஒவ்வொன்றும் இரண்டு கால், மூன்று கால் முளைத்து வந்தது. அந்தப் பாத்திக்கு நன்றி சொல்ல ஆள் இல்லை.

வரவு செலவும் சொல்லிவிடுகிறேன். விதை, குச்சி, கயிறு, களைக்கொத்து, பூவாளி எல்லாம் சேர்த்து 2,340 ரூபாய் செலவு. வந்த காய்களை உழவர் சந்தை விலைக்குப் போட்டால் அதில் பாதிகூடத் தேறாது. பனியன் கம்பெனியாக இருந்தால் முதலாளியிடம் இந்தக் கணக்கை நீட்டியிருக்க மாட்டேன். இங்கே முதலாளி நானே என்பதால் கொத்தும் பூவாளியும் அடுத்த ஆண்டுக்கும் இருக்கின்றன என்று எழுதிக் கணக்கை முடித்துவிட்டேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக்கட்டு அன்று வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் பூளைப்பூவோடும் சேலை வேலியிலும் ஒரு கொத்துச் செருகி வைத்தேன். இப்போது தக்காளிப் பாத்தியைச் சுற்றி மட்டும் இரண்டு சேலைகள் நிற்கின்றன. மற்றவற்றைத் துவைத்து, மடித்து, திண்ணையில் அடுக்கி வைத்திருக்கிறேன். அடையாளம் சொல்லி அவரவர் எடுத்துக்கொள்ளலாம். நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட சேலை ஒன்றை மட்டும் மயில் நெடுக்காகக் கிழித்துவிட்டது. அதற்கு உரியவர் தயவுசெய்து வீட்டுக்கு வர வேண்டும். சாம்பலில் புரட்டிக் கலயத்தில் கட்டி வைத்திருக்கும் கோட்டு அவரை விதையில் முதல் உழக்கு அவருக்குத்தான். மற்றவர்களுக்கும் ஆளுக்கு ஒரு பிடி இருக்கிறது, ஆடிக்கு முன்பு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
பிள்ளையார் கோயில் வீதி, கடைசி வீடு.
தை மாதம்.