ஒதுங்கி நிற்கவில்லை ஜெர்மன் சபை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சீர்திருத்தத் திருநாள் சிறப்பிதழில், ஹிட்லர் காலத்தில் ஜெர்மன் புராட்டஸ்டன்ட் சபை அரசியல் வேண்டாமென்று ஒதுங்கி நின்றதாக ஒரு வரி வந்திருக்கிறது. தரங்கம்பாடியில் 1706-ல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் வந்திறங்கிய கதையைக் கேட்டே வளர்ந்த லுத்தரன் குடும்பம் எங்களுடையது. படித்ததும் மனம் பொறுக்கவில்லை.

ஒதுங்கியா நின்றார்கள்? 1933 ஜூலையில் சபைத் தேர்தலுக்கு முந்தின நாள் ஹிட்லரே வானொலியில் பேசி, சபைக்குள் இருந்த நாஜி ஆதரவு அணியான 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' அணிக்கு ஆதரவு கேட்டார். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு அந்த அணிக்கே விழுந்தது. போட்டவர்கள் சபை மக்கள்தான். 1938 நவம்பரில் நாஜிகள் யூதர்களின் ஜெப ஆலயங்களைக் கொளுத்தியபோது, ஜெர்மனியின் துரிங்கியா பகுதி பிஷப் மார்ட்டின் சாஸ்ஸெ, சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதரின் பிறந்தநாளில் அவை எரிகின்றன என்று மகிழ்ந்து சிறுநூலே வெளியிட்டார். ஜெப ஆலயங்களுக்குத் தீ வைக்கச் சொல்லி 1543-லேயே லூதர் எழுதியது உங்களுக்குத் தெரியாததா? அவர் படத்தை வருஷா வருஷம் அட்டையில் போடுகிறீர்கள். இதைப் பற்றி மட்டும் ஒரு பத்திகூட வந்ததில்லை.

எதிர்த்தவர்களும் இருந்தார்கள். ஹிட்லரை எதிர்த்த ஜெர்மன் போதகர் போன்ஹோஃபரை 1945 ஏப்ரலில் தூக்கிலிட்டார்கள். அதற்காக, அவர் பெயரைச் சொல்லி மொத்தச் சபையும் தப்பித்துக்கொள்ளலாமா?

எங்கள் கோயிலில் பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் 'ஆண்டவரைக் கொன்ற யூதர்கள்' என்று இன்றும் பிரசங்கம் நடக்கிறது. "யூதங்க எல்லாருமே கெட்டவங்களா தாத்தா?" என்று பேத்தி கேட்டாள். இயேசுவும் மரியாளும் பேதுருவும் யூதர்கள்தான் என்றேன்; பிள்ளை நம்பவே இல்லை. வெளியே வந்ததும் பிரசங்கம் செய்த போதகர் ஐயரிடம் போய்ச் சொன்னேன். "வேதத்துல உள்ளதைத்தானே சொன்னேன்" என்றபடி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கத்தோலிக்கர்கள் 1965-லேயே அந்தப் பழி யூத இனத்தின் மேல் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். அமெரிக்க லுத்தரன் சபை 1994-ல் லூதரின் அந்த எழுத்துகளை வெளிப்படையாக நிராகரித்தது. நம்மிடம் இதையெல்லாம் யார் சொல்வது?

தேர்தல் சமயத்தில் வேட்பாளரைப் பலிபீடத்தருகே நிறுத்தி ஜெபம் செய்ததைக் கண்டித்துப் போன தேர்தலின்போது எழுதினேன். இடமில்லை என்று பதில் வந்தது. சரி, பொறுத்துக்கொண்டேன். அப்புறம் தன்னம்பிக்கைப் பக்கத்தில் மன உறுதிக்கு உதாரணமாக ஹிட்லரையே போட்டீர்கள். அதற்கு எழுதிய கடிதத்துக்குப் பதிலே இல்லை.

1933 தேர்தலைப் பற்றி நான்கு வரித் திருத்தம் அடுத்த இதழில் வெளியிடுங்கள். கடைசிப் பக்கத்தில் என்றாலும் சரி.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
பொறையாறு