வேறு வண்டியின் சார்ஜரைக் கொடுத்துவிட்டு மழையைக் குறை சொல்வது பற்றிய புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், தாராவி, மும்பை – 400017
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
நாள்: 18.08.2025

ஐயா,

உங்கள் தலைமை அலுவலகத்தில் போன் எடுத்த தம்பி, "தமிழிலேயே எழுதுங்கண்ணே, நான் மேல சேர்த்துடறேன்" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். இதே விஷயத்தை இங்கே உள்ள உங்கள் சர்வீஸ் சென்டரில் நான்கு முறை இந்தியில் சொல்லிவிட்டேன். காதில் ஏறவில்லை.

பிப்ரவரியில், எடுத்த சீட்டுப் பணத்தைப் போட்டு உங்கள் சின்ன எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை வாங்கினேன். 48 வோல்ட், 24 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரி. விடியற்காலை நாலரைக்கு இட்லிப் பானையைக் கட்டிக்கொண்டு மாட்டுங்கா, தாதர் என்று சுற்றி ஒன்பதரைக்கு வீடு திரும்புவேன். நான்கு மாதம் ஒரு குறையும் இல்லை. யார் கேட்டாலும் வாங்குங்கள் என்றுதான் சொன்னேன், இப்போது அவர்கள் முகத்தில் விழிக்க முடியவில்லை.

ஜூன் 9-ம் தேதி சார்ஜரின் ஃபேன் நின்று சார்ஜரும் செத்தது. வாரண்டியில் இரண்டே நாளில் வேறு சார்ஜர் கொடுத்தார்கள். தொந்தரவு அன்றிலிருந்துதான். ராத்திரி செருகினால் சிவப்பு விளக்கு எரியும், பிறகு பட்டென்று பச்சை. கொஞ்ச நேரத்தில் மறுபடி சிவப்பு, மறுபடி பச்சை. விடிய விடிய இதே கூத்து. காலையில் பேட்டரிப் பெட்டியைத் தொட்டால் இட்லித் தட்டு மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. ஜூலை நடுவில், 40 கிலோமீட்டர் ஓடிய வண்டி 22-லேயே மூச்சு வாங்கியது. தாதர் திலக் பாலத்தின் ஏற்றத்தில், பானையோடு, மூன்று நாள் இறங்கித் தள்ளினேன்.

சர்வீஸ் சென்டரில் முதலில் த்ராட்டில், அதாவது வேகம் கூட்டும் கைப்பிடியை மாற்றினார்கள். அடுத்த முறை பிரேக் சுவிட்ச். 850 ரூபாய் பில். மூன்றாவது முறை "உங்கள் வீட்டுக் கரன்ட் சரியில்லை" என்றார்கள். நான்காவது முறை "மழைத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, வாரண்டி கிடையாது" என்று எழுதிப் புகாரை முடித்துவிட்டார்கள்.

இட்லி வியாபாரத்துக்கு வருமுன் பன்னிரண்டு வருஷம் கட்டட வயரிங் வேலை பார்த்தவன் நான். மல்டிமீட்டர் இன்னும் பரணில்தான் இருக்கிறது. எடுத்துத் துடைத்து நானே பார்த்தேன். வீட்டு பிளக்கில் 228 வோல்ட், அதில் குறை இல்லை. பேட்டரி ஸ்டிக்கரில் சார்ஜிங் வோல்டேஜ் 54.6 என்று அச்சடித்திருக்கிறது. செத்துப்போன பழைய சார்ஜரின் அடியிலும் அதே 54.6. நீங்கள் மாற்றிக் கொடுத்த சார்ஜரைக் கவிழ்த்தால் 58.4! மீட்டரில் வைத்தேன், 58.5 காட்டியது.

உங்கள் இன்ஜினியருக்குப் பாடம் எடுக்க வரவில்லை. ஆனால் கணக்கு சின்னதுதான். என் பேட்டரியில் வரிசையாக 13 செல். ஒன்றுக்கு 4.2 வோல்ட் உச்சம், ஆக 54.6. 58.4-ஐ 13-ஆல் வகுத்தால் ஒரு செல்லுக்கு ஏறக்குறைய 4.5 வோல்ட். 58.4 என்பது, செல்லுக்கு 3.65 வோல்ட் உச்சம் கொண்ட வேறு வகையான 16 செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கான கணக்கு. அந்தப் பேட்டரி போட்ட வண்டியும் உங்கள் கடையில் நிற்கிறது. அதன் சார்ஜரை எடுத்து எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். விளக்கு சிவப்பும் பச்சையுமாக மாறியதற்குக் காரணம், செல் எல்லை தாண்டும்போதெல்லாம் பேட்டரியைக் காக்க உள்ளே இருக்கும் பிஎம்எஸ் சர்க்யூட் சார்ஜை வெட்டிவிட்டதுதான். அது ஒரு நாள் வெட்டாமல் விட்டிருந்தால்? எங்கள் வீடு ஒரே அறை. வண்டி நிற்கும் இடத்துக்கு நேர் மேலே பலகைத் தட்டில்தான் பிள்ளைகள் இருவரும் படுக்கிறார்கள். கடையில் வேலை செய்யும் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவன் கையில் ஒரு மீட்டர்கூட இல்லை. இரண்டு வேறு வோல்டேஜ் சார்ஜருக்கும் ஒரே மூன்று பின் பிளக் வைத்தது யார்? சோடா உப்புக்கும் தூள் உப்புக்கும் ஒரே மாதிரி டப்பா வைத்துவிட்டு, போட்டவளைத் திட்டுகிற கதை இது.

இன்னொன்றும் கண்டேன். மீட்டர் கம்பிகளை டேப் போட்டு ஒட்டி, மச்சினனைப் பின்னால் உட்கார வைத்து மேட்டில் ஏற்றினேன். பேட்டரிப் பக்கம் 49.6, மோட்டாருக்குக் கரன்ட் அனுப்பும் கன்ட்ரோலர் பக்கம் 46.7. நடுவில் 2.9 வோல்ட் எங்கே போனது? மஞ்சள் கனெக்டரைப் பிரித்தால் ஒரு பின்னில் ஈயம் சரியாகப் பிடிக்காமல் கம்பி ஆடுகிறது, சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகிப் பழுப்பேறியிருக்கிறது. கன்ட்ரோலரில் போட்டிருக்கும் 15 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு இடத்தில் மட்டும் 40 வாட்டுக்கு மேல் சூடு. 25 வாட் சால்டரிங் அயர்னில் நாங்கள் ஈயத்தையே உருக்குவோம். படங்கள் இணைத்துள்ளேன்.

மழை பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ஜூலையில் ஒரு நாள் கிங்ஸ் சர்க்கிளில் கணுக்கால் தண்ணீரில் ஓட்டியது உண்மை. ஆனால் சார்ஜர் தொந்தரவு ஜூன் 11-லேயே தொடங்கிவிட்டது, உங்கள் ஜாப் கார்டிலேயே தேதி இருக்கிறது. மும்பையில் வண்டி விற்பவர்களுக்கு இங்கே மழை பெய்யும் என்று தெரியாதா?

கடைசியாக, "இட்லி விற்கிறீர்கள், கமர்ஷியல் யூஸ்" என்றார் சர்வீஸ் சென்டர் மேலாளர். வாரண்டி அட்டையில் அப்படி ஒரு வரி இல்லை. சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கிய பொருளை 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் வணிகக் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் குடியிருக்கும் ஊரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்வதற்கு முன் உங்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன்.

54.6 வோல்ட் சார்ஜர் வேண்டும். பேட்டரியை என் கண் முன்னே திறந்து, 13 செல்லின் வோல்டேஜையும் தனித்தனியாக அளந்து எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த செல்லாவது கெட்டிருந்தால் முழுப் பேட்டரியையும் மாற்றுங்கள், ஒரு செல்லை ஒட்டுப்போடும் வேலை வேண்டாம். கனெக்டரைப் புதிதாகப் போட்டு, 850 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். ஜூன் மாதம் என்னைப்போல வேறு யாருக்கு அந்த 58.4 போயிருக்கிறது என்று ரெஜிஸ்டரைப் பார்த்து, இன்றைக்கே அவர்களுக்குப் போன் செய்யுங்கள். என் வேலையைவிட அது அவசரம். பதினைந்து நாளில் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: ஆளை அனுப்புவதானால் பத்து மணிக்கு மேல் அனுப்புங்கள். அதுவரை மச்சினனின் சைக்கிளில் இட்லி விற்றுக்கொண்டிருப்பேன். அந்தச் சார்ஜரைத் துணியில் சுற்றித் தனியாக வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போகட்டும்.