கண்ணாடி நிரப்பிய கல்லுக்கு ‘இயற்கை மாணிக்கம்’ என்று சான்று அட்டை கொடுத்தது பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மா,

என் மகளின் திருமணத்துக்காக உங்கள் கோவைக் கிளையில் நான்கு காரட் மாணிக்க மோதிரம் வாங்கினேன். பில்லும் உங்கள் சான்று அட்டையின் நகலும் இத்துடன் உள்ளன. மகள் ஊறுகாய்க்கு எலுமிச்சை நறுக்கிய பிறகு கல்லின் மேல் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் விழுந்துவிட்டன. கிளையில் காட்டியபோது, புளிப்பு பட்டால் எந்தக் கல்லும் கெடும், கேரண்டியில் வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எலுமிச்சைச் சாறு மாணிக்கத்தை ஒன்றும் செய்யாது. அது அரிப்பது ஈயக் கண்ணாடியைத்தான். கல்லை வேறோர் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தேன். விரிசல்கள் முழுவதும் ஈயக் கண்ணாடி நிரப்பப்பட்டிருக்கிறது. நுண்ணோக்கியில் கண்ணாடி நிரப்பியதற்கு அடையாளமான காற்றுக் குமிழிகளும் நீலநிற மின்னலும் தெரிகின்றன என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அறிக்கையையும் இணைத்திருக்கிறேன்.

அட்டையில் ஒளிவிலகல் எண் (கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதன் அளவு) 1.76 என்று இருப்பதைக் காட்டி, கல் அசல்தான் என்று உங்கள் ஊழியர் வாதாடினார். கல்லின் மேற்பரப்பில் அளக்கும் கருவி தொடும் இடத்தில் குருந்தம், அதாவது மாணிக்கத்தின் கனிமம், இருந்தாலே அந்த எண் வந்துவிடும். உள்ளே விரிசல்களில் என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டிய இடம் ‘குறிப்பு’ வரி. உங்கள் அட்டையில் அந்த வரி வெறுமையாக இருக்கிறது.

நிறமும் தெளிவும் கூடுவதற்காகச் சூடேற்றிய மாணிக்கத்தை நான் குறை சொல்லவில்லை. சந்தையில் விற்கும் மாணிக்கங்களில் பெரும்பாலானவை சூடேற்றியவை; அதைச் சொல்லி விற்றால் யாருக்கும் வருத்தமில்லை. கண்ணாடி நிரப்புவது வேறு. அமெரிக்க ரத்தினக்கல் ஆய்வு நிறுவனமான ஜி.ஐ.ஏ. போன்ற ஆய்வகங்கள் கண்ணாடி மிகுந்த கல்லை ‘இயற்கை மாணிக்கம்’ என்று எழுதுவதில்லை. மாணிக்கமும் கண்ணாடியும் சேர்த்துச் செய்த பொருள் என்றே எழுதுகின்றன. நீங்களோ காரட் கணக்கில் எடைபோட்டு, கண்ணாடியின் எடைக்கும் மாணிக்க விலை வாங்கியிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் ஆறவில்லை.

அட்டையில் ‘தரம் ஏ.ஏ.ஏ.’ என்றும் இருக்கிறது. வைரத்துக்கு நிறத்தில் டி முதல் இசட் வரை உலகமெங்கும் வியாபாரிகள் ஏற்ற வரிசை உண்டு. மாணிக்கத்துக்கு அப்படிப் பொதுவான எழுத்துத் தரம் கிடையாது. ஏ.ஏ.ஏ. என்பது நீங்களே வைத்துக்கொண்ட பெயர். அதை ஆய்வக முடிவைப்போல அச்சிட்டதும் தவறு. ஹால்மார்க் இருக்கிறதே என்றும் ஊழியர் சொன்னார். ஹால்மார்க் தங்கத்தின் தூய்மைக்கு. கல்லைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

மோதிரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, செய்கூலி உட்பட முழுத் தொகையையும் ஆய்வகக் கட்டணத்தையும் தர வேண்டும். இதே வகைக் கல்லை வாங்கிய மற்றவர்களுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வெந்நீரும் பொற்கொல்லரின் தீயும்கூட இந்தக் கல்லுக்கு ஆகாது என்பது தெரியாமல் அவர்கள் அணிந்துகொண்டிருக்கிறார்கள். மாற்றுக் கல் தருகிறோம் என்று கிளையில் சொன்னதை நான் ஏற்கவில்லை. அதற்கும் இதே அட்டையைத்தானே தருவீர்கள்?

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு அளிப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் கோவைக் கிளை வாடிக்கையாளர்

இணைப்பு: பில், சான்று அட்டை நகல், ஆய்வக அறிக்கை, கல்லின் புகைப்படங்கள்